இரண்டில் எது

சிட்லபாக்கம் ஜெயவேலு தாம்பரம் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளர். 1986இல் வண்டலூர் தாண்டி ஒரு பஸ் தீப்பிடித்ததில் அவர் தம்பி குப்புராஜ் போய்விட்டான். ஆஸ்பத்திரியில் கடைசியாக மிஞ்சியவை முகம் தெரியாமல் கருகிய இரண்டு உடல்கள். காத்திருந்ததும் இரண்டு குடும்பங்கள்தான்.

"ஏதாவது ஒண்ண எடுத்துனு போங்க சார். இதுக்கு மேல வெச்சிக்க முடியாது" என்றான் பிணவறை ஆள்.

ஜெயவேலு இடது பக்கம் கிடந்ததைக் காட்டினார். ஏன் இடது என்று அவருக்கே தெரியாது. அதை எரித்துச் சாம்பலைக் கடலில் கரைத்தார்கள். மற்றதைக் காட்டாங்குளத்தூர் செல்வமேரி தன் மகனென்று வாங்கிப்போய்ப் புதைத்தாள்.

அம்மா கங்கையம்மாளிடம், "தம்பிதான், நல்லாப் பார்த்தேன்" என்று சொல்லிவிட்டார். எதுவானால் என்ன, போனவன் போய்விட்டான் என்று தன்னையும் தேற்றிக்கொண்டார்.

ஆறு வருஷம் ஓடியது. ஒருநாள் எம்.எஸ்ஸி. வகுப்பில், இரண்டு எலக்ட்ரான்கள் மோதிப் பிரிவதைக் கரும்பலகையில் வரைந்தார். ஸ்ரீநிவாசன் என்ற மாணவன் எழுந்தான்.

"சார், பிரிஞ்சு போறதுல எது எந்தப் பக்கத்துலேர்ந்து வந்ததுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"முடியாதுப்பா. எலக்ட்ரானுக்குத் தனி அடையாளம் கிடையாது. ரெண்டையும் மாத்திப் போட்டாலும் ஒண்ணும் மாறாது."

"பதில் இருக்கு, நமக்குத்தான் தெரியலையா சார்?"

"இல்ல. பதிலே இல்ல. எதுன்னு கேக்குறதுக்கே அங்க அர்த்தம் கிடையாது."

வருஷா வருஷம் சொல்வதுதான். அன்றைக்குச் சுருக்கென்று தைத்தது. எலக்ட்ரானுக்குப் பதில் இல்லை, குப்புராஜுக்கு இருக்கிறது. அவன் கடலில் கரைந்திருக்க வேண்டும், இல்லையென்றால் யாரோ ஒருத்தியின் மகனாக மண்ணுக்குள் கிடக்க வேண்டும். சாக்பீஸை வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

எலும்பை வைத்தே ஆள் இன்னாரென்று சொல்லும் சோதனை ஹைதராபாத்தில் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை செல்வமேரி வீட்டுக்குப் போனார். அவளுக்கு அவரை ஞாபகம் இருந்தது. ஸ்டூலை எடுத்துப் போட்டாள். அவர் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார்.

"இன்னா சார் சொல்றீங்க? எம்புள்ளய தோண்டணுமா?"

"சின்ன எலும்பு ஒண்ணு போதும்மா. உங்களுக்கும் ஒரு நிம்மதி..."

"என் நிம்மதிக்கு இன்னா கொறச்சல்? அங்க படுத்துகினு கீறது எம்புள்ளதான். தெனம் அவனாண்ட போய்ப் பேசிட்டு வரேன்." அவர் எதிரே வந்து நின்றாள். "அவன் இல்லேன்னு உங்க டெஸ்ட்டு சொல்லிட்டா, நான் அவன எங்க போய்த் தேடுவேன் சார்? கடல்லயா?"

ஜெயவேலு ஸ்டூலை விட்டு எழுந்தார்.

"போயிடுங்க சார். இனிமே இந்தப் பக்கம் வராதீங்க."

அதற்கப்புறம் அவர் அந்தப் பக்கம் போகவில்லை. கல்லூரியில் அந்த எலக்ட்ரான் பாடத்தை வேறொருவருக்குத் தள்ளிவிட்டு ஒளியியலை எடுத்துக்கொண்டார். தம்பியின் நினைவு நாளில் அம்மா படையல் போட்டுக் கூப்பிடும்போது, எழுந்து வரவே அவருக்கு நேரம் பிடிக்கும். கங்கையம்மாள் 1997இல் கண் மூடினாள், சின்ன மகன் கடலோடு போய்ச் சேர்ந்தான் என்ற நம்பிக்கையோடு. காட்டாங்குளத்தூரில் தேர்வு மேற்பார்வை வேலை வந்தால் ஜெயவேலு மறுத்துவிடுவார். கேட்டவர்களிடம், அங்கே வெயில் ஒத்துக்கொள்வதில்லை என்பார்.