கைக்குக் காது உண்டு

போன வாரம் பசறை பஸ்ஸில் ஒருவர் இருமல் மருந்து விற்றார். முப்பது பேர் குடித்தார்களாம். ஒரே வாரத்தில் முப்பது பேருக்கும் இருமல் நின்றுவிட்டதாம்.

"குடிக்காதவங்களுக்கு எத்தனை நாள்ல நின்னுச்சு?" என்று கேட்டேன்.

பஸ்ஸே சிரித்தது. மருந்து விற்றவர் மட்டும், "அண்ணன் பெரிய படிப்புப் படிச்சவரு போல" என்றார்.

நான் படித்தது ஏழாம் வகுப்பு. இப்படிக் கேட்க என்னைப் பழக்கியவர், மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்த செபஸ்தியம்மா.

மொனராகலையில் கரும்பு வெட்டிச் சலித்து மலையேறியிருந்தேன். அந்தத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் வேலை கிடைத்தது. தராசு முள்ளைப் பார்ப்பேன்; கூடைக்கும் மழை ஈரத்துக்குமாக இரண்டு இறாத்தலோ மூன்று இறாத்தலோ கழிப்பேன். எவ்வளவு என்று சட்டமா இருக்கிறது? கண் மதிப்புதான்.

அந்த வருடம் புது உரம் வந்தது. தோட்டத்தை நடத்தும் துரை பார்க்க வசதியாக ரோட்டோர மலையில் போட்டார்கள். ஓடையை ஒட்டிய மண். கை வேகமான பெண்களுக்கும் அங்கேதான் வேலை. மேட்டு மலைக்குப் பழைய உரம். மூன்று மாதத்தில், மேட்டு மலையைவிட ரோட்டோரத்தில் ஒரு நாளைக்கு ஆளுக்கு நாலு இறாத்தல் அதிகம். உடனே முடிவு — எல்லா மலைக்கும் புது உரம். எல்லாருக்கும் நாள் அளவு மூன்று இறாத்தல் கூட.

அளவை எட்டினால் முழுப்பேர். எட்டாவிட்டால் அரைப்பேர், அதாவது அரை நாள் கூலி. மேட்டு மலையில் எடுத்த செபஸ்தியம்மா பழைய அளவையே தட்டுத் தடுமாறித்தான் எட்டுவார். புருஷன் இல்லை. மூன்று பிள்ளைகள். அரைப்பேரில் அந்த அடுப்பு எத்தனை நாள் எரியும்?

மலையில் வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை தராசடிக்கு வந்தபோது, எங்கள் எல்லாருக்கும் முன்னால் அவரிடம் நேரே போனார்.

"ஐயா, நல்ல மண்ணு, நல்ல கை, புது உரம்… மூணையும் ஒரே எடத்துல வச்சுப்புட்டு, கூடுனது உரத்தாலன்னு எப்புடிங்க சொல்றீங்க?"

"அப்ப நீயே சொல்லு, எப்புடிப் பாக்குறது?"

"நெரைக்குச் சீட்டுப் போடுறோம்ல? உரத்துக்கும் போடுங்க."

நல்ல தேயிலைச் செடி நிரைக்குச் சண்டை வராமலிருக்க, யாருக்கு எந்த நிரை என்று காலையில் சீட்டு எடுப்பது அங்கே வழக்கம்.

"ரெண்டு மலைக்கும் ஒரு சீட்டு எடுத்தாப் போதுமா?"

"ஒரு சீட்டுல அதிர்ஷ்டந்தாங்க பேசும். மலைய துண்டு துண்டாப் பிரிச்சு, துண்டுக்கு ஒண்ணு எடுங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "எந்தக் கூடை எந்த உரம்னு நிறுக்கிற அண்ணனுக்குத் தெரியக் கூடாது."

எனக்குச் சுருக்கென்றது. "ஏம்மா, நான் என்ன களவா எடுக்குறேன்?"

"ஒங்க மேல நம்பிக்கை இருக்குண்ணே. ஒங்க கைக்குத்தான் காது இருக்கு."

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். கணக்கப்பிள்ளையும்தான்.

அவர் துரையிடம் பேசி இன்னொரு மூன்று மாதம் வாங்கினார். ஒவ்வொரு மலையிலும் பத்துத் துண்டு. ஐந்துக்குப் புது உரம், ஐந்துக்குப் பழையது — எல்லாம் சீட்டுப்படி. ஆட்களும் சீட்டுப்படி. கூடையில் வெறும் எண். எந்த எண் எந்த உரம் என்ற தாள் கணக்கப்பிள்ளையின் பெட்டியில் பூட்டிக் கிடந்தது.

முதல் நாள் எனக்குக் கை ஓடவில்லை. இந்தக் கூடைக்கு எவ்வளவு கழிப்பது? அப்போதுதான் உறைத்தது… அதுவரை ரோட்டோரக் கூடைக்கு இரண்டும், மேட்டுக் கூடைக்கு மூன்றுமாகக் கழித்து வந்திருக்கிறேன்! யாரும் அப்படிச் சொல்லவில்லை. நானும் நினைக்கவில்லை. நல்ல உரம் என்று காதில் விழுந்தது; கை அதன்படி நடந்துவிட்டது. பொய் சொல்லாதவனும் தப்பாக நிறுக்க முடியும்.

மூன்று மாதம் கழித்துப் பெட்டியைத் திறந்தார்கள். புது உரத்தில் அரை இறாத்தல் கூடுதல். பழைய உரம் போட்ட துண்டுகளுக்குள்ளேயே அதைவிடப் பெரிய ஏற்றத்தாழ்வு இருந்தது; அந்த அரை இறாத்தல் உரத்தால்தான் என்று சொல்ல வழியில்லை. நாள் அளவு ஏறவில்லை. செபஸ்தியம்மாவின் முழுப்பேர் தப்பியது.

முன்பெல்லாம் என் கை செய்ததை அன்று அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. தராசைக் காட்டிக் கேட்டார்.

"அப்ப, எனக்கு இதுவரைக்கும் விழுந்த அரைப்பேருல ஒங்க கையால விழுந்தது எத்தனைண்ணே?"

கழித்ததை நான் எங்கே எழுதி வைத்தேன்?