நார்மல் என்று வந்த ரிப்போர்ட்

பம்புக்காரர் கை வைத்து ஓடாத மோட்டார் அந்தக் காலத்தில் கிடையாது. படிப்பு நாலாம் வகுப்பு. ஆனால் பட்டம் வாங்கினவர்களெல்லாம் அவர் பட்டறை வாசலில் காத்துக் கிடப்பார்கள். மோட்டாரில் காதை வைத்தால் போதும், கோளாறைப் புட்டுப்புட்டு வைப்பார். இதை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவரும் அவரேதான். அவரை அடக்க ஒரே ஆள் வீட்டுக்காரம்மா.

“ஆமா, உலகமே இவர் ஸ்பேனர்லதான் சுத்துது!”

அந்த அம்மாவுக்கு ஆஸ்துமா. மூச்சு வாங்கும்போதுகூட வாய் ஓயாது. கிரீஸ் வாசனைக்கு நடுவே அந்த நையாண்டி கேட்காத நாளே இல்லை.

ஒரு மழைக்காலக் காலையில் வாய் ஓய்ந்தது. இன்ஹேலருக்கும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் மணிக்கட்டு நாடியில் ஊசி குத்தி ரத்தம் எடுத்து, அதிலுள்ள வாயுக்களைப் பார்க்க அனுப்பினார்கள்.

“கரியமில வாயு நார்மலா இருக்கு...” என்று இழுத்தார் நர்ஸம்மா. மீதியை யார் கேட்டார்கள்? காலையிலிருந்து மூச்சோடு கேட்ட விசில் சத்தமும் அடங்கியிருந்தது. போதாதா! பம்புக்காரர் வார்டுக்கே டீ சொல்லிவிட்டார்.

“என் பொண்டாட்டி யாரு? இப்ப எழுந்து என்னைத் திட்டுவா பாருங்க!”

டாக்டரம்மா ஓடி வந்தார். “வழி விடுங்க ஐயா.”

“எல்லாம் நார்மல்தானேம்மா?”

“அதான் பயமே. இவ்வளவு வேகமா மூச்சு விடுறவங்களுக்கு அந்த வாயு குறைஞ்சிருக்கணும். நார்மலுக்கு ஏறிடுச்சுன்னா, வெளியே தள்ளத் தெம்பு இல்ல. சத்தம் அடங்கினதும் உள்ளே காத்து போகாமதான்.”

பம்புக்காரருக்குப் பொட்டில் அடித்தாற்போல் ஆயிற்று. முழு வேகத்தில் உறுமும் மோட்டார் வழக்கமான தண்ணீரைத்தான் தள்ளுகிறதென்றால் அது திணறுகிறது, அடுத்து நிற்கும். சத்தம் கேட்டே பேர் வாங்கிய மனுஷன், சொந்த வீட்டில் சத்தம் நின்றதைக் கொண்டாடிவிட்டார்.

தொண்டையில் குழாய் விட்டு, இயந்திரத்தைக் கொண்டு மூச்சுவிட வைத்தார்கள். டீ ஆறி ஆடை கட்டியது. பம்புக்காரர் பெஞ்சில் உட்கார்ந்து அந்த இயந்திரத்தின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார்.

குழாயை எடுத்த அன்று நர்ஸம்மா எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்துவிட்டார். கரகரத்த குரலில் அந்த அம்மா கேட்டார்:

“ஊருக்கே டீயாமே... எனக்கு எங்க?”

இன்று பட்டறை மகன் கையில். வீட்டில் அந்த அம்மா திட்ட ஆரம்பித்தால் பம்புக்காரர் ரேடியோவை அணைத்துவிட்டுக் காது கொடுக்கிறார். என்ன திட்டு என்பது அவருக்கு முக்கியமில்லை. நடுவில் மூச்சு எங்காவது இடறுகிறதா என்றுதான் கேட்கிறார்.