டியூக்கின் இடது கை

எங்கள் வார்டு கவுன்சிலரைப் பற்றித் தெரிந்ததைவிட, ஜெர்மனியில் என்றைக்கோ ஒரு சின்ன நாட்டை ஆண்ட டியூக் ஒருவரைப் பற்றி எனக்கு அதிகம் தெரியும். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நான் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொடுக்கும் பையர் கேட்பதைத் தைப்பவர்களிடம் சொல்வதும், இங்கே நடக்கும் கூத்தைப் பையரிடம் பூசி மெழுகுவதும் என் பிழைப்பு. அந்த டியூக்கின் ஊரில் அவருக்கு விழா. விழாவுக்கான டி-ஷர்ட் எங்கள் ஆர்டர். நெஞ்சில் போடவேண்டிய படத்தோடு அவருடைய கதையையும் அனுப்பியிருந்தார்கள்.

இரண்டாவது மகனாகப் பிறந்தவர். பட்டம் தனக்கில்லை என்று படைக்குப் போனார். போரில் வலது கை போயிற்று. அண்ணன் வாரிசில்லாமல் செத்ததும் பட்டம் இவரைத் தேடி வந்தது, பெரிய மனிதர்கள் குறுக்கே நின்றார்கள். வலது கையை உயர்த்திச் சத்தியம் செய்தால்தான் பட்டம், கையே இல்லாதவன் எதை உயர்த்துவான் என்று கேட்டார்கள். இவர் இடது கையை உயர்த்தினாராம். பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்களாம். பிறகு பஞ்சம் வந்தபோது அரண்மனைக் களஞ்சியத்தைத் திறந்து, கோட்டை வாசலில் நின்று அந்தக் கையாலேயே ரொட்டி கொடுத்தார். எழுந்து போனவர்களும் வரிசையில் வந்து வாங்கினார்கள். அதற்குப் பிறகு சாகும்வரை அவர் ஆட்சியை யாரும் கேள்வி கேட்கவில்லை. டி-ஷர்ட்டில் அந்த வாசல் காட்சிதான். ஒரு சட்டைக்கை வெறுமையாகத் தொங்க, இடது கையில் ரொட்டி.

படித்தபோது எனக்கு என் வீட்டுக்காரர் ஞாபகம் வந்தது. கட்டிங் மாஸ்டராக இருந்தவர். துணி அறுக்கும் மெஷினுக்கு வலது கையைக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தவர். அதன்பிறகு எந்த விசேஷத்திலும் பந்தியில் உட்கார்ந்ததில்லை. "வவுறு சரியில்லீங்க" என்று எல்லோரிடமும் ஒரே பொய். வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, இடது கையால் சாப்பிடுவார்.

அந்த ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் எங்கள் மகளுக்குக் கல்யாணம் கூடியது. எங்கள் பக்கம் கல்யாணச் சடங்குகளை நடத்திவைப்பவர் அருமைக்காரர். அவர் பேசினால் பேசினதுதான். முறைகளைப் பேச வீட்டுக்கு வந்தவர், தாரை வார்ப்பதில் வந்து நின்றார். மாப்பிள்ளை கைமேல் மகள் கையை வைத்து அப்பா பிடித்துக்கொள்ள, அம்மா தண்ணீர் ஊற்ற வேண்டும். பெண்ணைக் கொடுப்பது என்பது அதுதான்.

"தாரைக்குச் சோத்துக்கை வேணுமுங்க. நொட்டாங்கையில பொண்ணக் குடுக்கப்படாது. இவரு தம்பி இருக்கறாரில்லீங்க, அவரு நிக்கட்டும்" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர், "ஆமாங்க, அதானுங்க முறை" என்று தலையாட்டிவிட்டார். அருமைக்காரர் மேல் வந்ததைவிட எனக்கு வீட்டுக்காரர்மேல் வந்த கோபம் பெரிது. அருமைக்காரர் போனதும் டியூக் கதையை எடுத்து அவரிடம் நீட்டினேன். சிரித்தார்.

"அவரு ராசா, புள்ள. ராசா எந்தக் கையில குடுத்தாலும் ஊரு வாங்கிக்கும். எனக்காகச் சண்டைக்குப் போயிறாத. மவ கல்யாணத்துல ஒரு பேச்சு வரப்படாது."

பையரின் ஆள் சரக்கைச் சோதிக்க வருவதற்கு முந்தின நாள் பிரிண்டிங் பக்கம் போனேன். வெட்டிய முன்பக்கத் துண்டுகள் அச்சடித்து வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. எங்கேயோ உறுத்தியது. இரண்டாம் முறை பார்த்தபோதுதான் பிடிபட்டது. டியூக் வலது கையால் ரொட்டி கொடுத்துக்கொண்டிருந்தார். இடது சட்டைக்கை வெறுமையாகத் தொங்கியது. அச்சடிக்கும் பழைய ஸ்கிரீன் கிழிந்து, புதிதாக ஸ்கிரீன் செய்தபோது படமுள்ள ஃபிலிமைத் திருப்பி வைத்திருக்கிறார்கள். படத்தில் எழுத்து இருந்தாலாவது தெரிந்திருக்கும்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த பிரிண்டிங் மாஸ்டர் வெலவெலத்துப் போனார். "ஃபிலிம்தான் மாறி வந்திருக்குன்னு நெனச்சேன் மேடம். எந்த ராசாவாவது பீச்சாங்கையால சாப்பாடு குடுப்பானா? நல்லதுக்குன்னுல்லா திருப்பிப் போட்டேன்."

முதலாளி வந்து பார்த்தார். "விடுங்க மேடம். சோத்துக்கையிலதானுங்க குடுக்கறாரு. மருவாதியாத்தான் இருக்குது. எவன் பாக்கப்போறான்?"

"அவரு மருவாதியே அந்த இன்னொரு கையிலதானுங்க இருக்குது!" என்று கத்தினேன். "அதத் திருப்பிப் போட்டா அது அவரே இல்லீங்க. மாத்தாம அனுப்பறதுன்னா நீங்களே பையர்கிட்டப் பேசிக்கங்க, நான் கையெழுத்துப் போட மாட்டேன்!"

ஹாலே திரும்பிப் பார்த்தது. முதலாளியிடம் நான் அப்படிக் கத்தியதே இல்லை. யாருக்காகக் கத்தினேன் என்று அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அதே சாயத்தில் கொஞ்சம் துணி மிச்சமிருந்தது எங்கள் அதிர்ஷ்டம். முன்பக்கத்தை மட்டும் திரும்ப வெட்டி, திரும்ப அடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு தைத்தோம். மறுநாள் வந்த ஆள் முதலில் தையலைப் பார்க்கவில்லை, அளவைப் பார்க்கவில்லை. முதல் டி-ஷர்ட்டை எடுத்து, டியூக்கின் இடது கைமேல் விரலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மற்றதையெல்லாம் பார்த்தார். முதலாளி என் பக்கமே திரும்பவில்லை.

கல்யாணத்தன்று என் வீட்டுக்காரர் முழுக்கைச் சட்டை போட்டு, மண்டபத் தூண் ஓரமாக நின்றுகொண்டார். தாரைக்கு அழைத்ததும் கொழுந்தனார் மணவறை ஏறி வந்தார். அவர் நல்லவர், அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. என் கையில் சொம்பு. மகள் தலை குனிந்தபடி, ஓரக்கண்ணால் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஊத்துங்கம்மா" என்றார் அருமைக்காரர்.

நான் சொம்பைச் சாய்க்கவில்லை.

"நேரம் போகுதுங்க, ஊத்துங்க."

"ஊத்தறனுங்க. பெத்தவரு வரட்டும்."

மேளம் நின்றுவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சம்பந்தி எழுந்து போய்விடுவாரோ என்று அவர் பக்கம் பார்த்தேன். சொம்பை நிமிர்த்திப் பிடித்தபடி நின்றேன். கொழுந்தனார்தான் முதலில் அசைந்தார். இறங்கிப்போய், தூணோரம் நின்ற அண்ணனின் தோளைப் பிடித்துக் கூட்டிவந்தார்.

அருமைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சம்பந்தி, "நேரமாச்சுங்க, ஆகட்டும்" என்றார். என் வீட்டுக்காரர் இடது கையை நீட்டினார். மகள் அதை இறுக்கிப் பிடித்துத் தன் கையோடு சேர்த்துக்கொண்டாள். நான் ஊற்றினேன்.

பந்தி போட்டபோது அவரைக் காணோம். வீட்டுக்குக் கிளம்பிவிட்டாரோ என்று தேடிக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனேன். நடு வரிசையில், சம்பந்திக்குப் பக்கத்தில் இலை போட்டு உட்கார்ந்திருந்தார். முழுக்கைச் சட்டையின் இடது கையை முழங்கைவரை மடித்துவிட்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "ஏம்புள்ள, ரசத்த இந்தப் பக்கம் வரச் சொல்லு" என்றார்.