பாம்பு கிடக்கு என்று சொன்ன இடம்

சில வருடங்களுக்கு முன், ஓர் ஓகஸ்ட் விடுமுறையில், வரிப்பத்தான்சேனைக்கு அப்பால் வயல் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் இது நடந்தது. இப்போதும் தெருவில் ஒரு டயர் வெடித்தால் எனக்குக் கை கால் ஓடாது. கடைக்கு வருகிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

சாய்ந்தமருதில் எனக்கு ஓட்டோ உதிரிப்பாகக் கடை. எங்கள் விளையாட்டுக் கழகத்துப் பொடியன்மார் விடுமுறை முழுக்கப் போனும் கையுமாகக் கிடக்கிறார்கள் என்று உம்மாமார் புலம்பித் தள்ளியதால், அவர்களை வயல்பக்கம் கூட்டிப்போய் முகாம் போடுவதென்று முடிவானது. ஆளுக்கொரு பாடம் பிரித்தபோது எனக்கு விழுந்தது குருவி வேட்டை. படிப்பில் நான் கோட்டை விட்டவன்தான். ஆனால் கெட்டபோலில் ரப்பரை இழுத்துக் கல்லை விட்டேன் என்றால் குறி தப்பாது. அது ஊருக்கே தெரியும், சின்ன வயதில் என்னிடம் பல்பும் ஓடும் பறிகொடுத்த அயல்வீட்டுக்காரர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

இடம் தந்தவர் ஒரு போடியார். நிறைய வயல் வைத்திருப்பவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். வயல் காவலுக்குத் தங்கும் தன் வாடிக் குடிலைக் கூட்டித் துப்புரவாக்கி, பானை சட்டியும் தந்து, சமையலையும் தானே பொறுப்பெடுத்தார். நல்ல கைப்பக்குவம், அவர் ஆக்கிய சோற்றின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. அவருடைய ஒரே மகனும் முகாமில் இருந்தான். பதினாறு வயது. எங்கள் டவுன் பொடியன்மார் ஓணானைக் கண்டாலே துள்ளுவார்கள். அவன் அதை வாலில் பிடித்து அவர்களைத் துரத்துவான்.

வந்த அன்றே போடியார் என்னைத் தனியே கூப்பிட்டார். வாடிக்குப் பின்னால், காடு வெட்டிச் சோளம் போட்ட அவருடைய சேனை, அதற்கப்பால் புதர் மண்டிய பற்றைக்காடு. அந்தப் பற்றையைக் கையால் காட்டினார்.

"தம்பி, அங்கால ஒருத்தரையும் உடாதீங்க. பாம்பு கிடக்கு."

நான் அதை அப்படியே பொடியன்மாருக்குச் சொன்னேன். கொஞ்சம் உப்புப் புளி சேர்த்தும் சொன்னேன். விரியன் என்றேன், புடையன் என்றேன். அதற்குப் பிறகு டவுன் பொடியன்மார் அந்தப் பக்கம் தலை வைத்தும் படுக்கவில்லை.

வேட்டைப் பாடம் நன்றாகவே போனது. காடை மண் குளித்த இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது, புறா இறங்குகிற நேரம் எது, காற்றுக்கு எந்தப் பக்கம் நிற்பது என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிக்கொடுத்தேன். எல்லாவற்றையும் விட ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். கெட்டபோல் கல் பட்டுச் செத்த குருவி நமக்கு ஹறாம். ரூஹ் போவதற்கு முன் பிஸ்மில்லாஹ் சொல்லி அறுத்தால்தான் சாப்பிடலாம். ஆகையால் குருவி விழுந்தால் நின்று கைதட்டாதே, கத்தியோடு ஓடு. இதைச் சொல்லிச் சொல்லியே அவர்களை ஓட்டப் பந்தயக்காரர்களாக்கி வைத்திருந்தேன். அறுக்கிற கத்தியைப் போடியாரின் மகனிடம் கொடுத்திருந்தேன், கை நடுங்காமல் அறுக்கத் தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான் என்பதால்.

கடைசி நாள் அசர் தொழுகைக்குப் பிறகு, பின்னேரம், அதுவரை ஒரு இலையைக் கூட அடிக்காத ஒரு பொடியன் ஒரு புறாவை அடித்துவிட்டான். அவனாலேயே அதை நம்ப முடியவில்லை. புறா ஒரு பக்கமாகச் சரிந்து, சோளத்துக்கு மேலால் தடுமாறிப் பறந்து, பற்றைக்குள் விழுந்தது. எல்லோரும் ஓடினார்கள். சேனை முடிகிற இடத்தில் எல்லோரும் பிரேக் போட்டது போல நின்றார்கள். பாம்பு. நான் பின்னால் ஓடி வந்துகொண்டிருந்தேன். போடியாரின் மகன் மட்டும் நிற்கவில்லை. நில்லடா என்று கத்தினேன். ஓடியபடியே திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

"பாம்புதானே மாமா, நான் பாத்துக்கிறன்."

அதற்குப் பிறகு அந்தச் சத்தம். காது அடைத்துப்போனது. பற்றைக்குள்ளிருந்து புகை எழும்பியது. யுத்த காலத்தில் வளர்ந்தவன் நான், அது என்ன சத்தம் என்று யாரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் என் மூளை அதை ஏற்க மறுத்தது. யார் சுட்டது, எங்கிருந்து சுட்டது என்று அசட்டுத்தனமாக நாலாபக்கமும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வாடியிலிருந்து போடியார் ஓடி வந்தார். என்ன சத்தம் என்று கேட்கவில்லை. யார் உள்ளே போனது என்றும் கேட்கவில்லை. "அவன் பாம்புக்குப் பயப்படமாட்டான், அவன் பாம்புக்குப் பயப்படமாட்டான்" என்று சொல்லிக்கொண்டே எங்களைத் தாண்டிப் பற்றைக்குள் நுழைந்தார். நானும் பின்னாலேயே ஓடினேன். சட்டென்று திரும்பி என் சேர்ட்டைப் பிடித்து நிறுத்தினார்.

"நில்லுங்க தம்பி. இதுல இன்னொண்டு கட்டியிருக்கன்."

குனிந்து பார்த்தேன். என் முழங்காலுக்கு முன்னால், புல்லோடு புல்லாக, மெல்லிய கம்பி ஒன்று இழுத்துக் கட்டியிருந்தது. அதன் மறுமுனையில், ஒரு மரக்குற்றியில், கட்டுத்துவக்கு. சோளத்துக்கு வரும் பன்றியின் கால் கம்பியில் பட்டால் தானாக வெடிப்பது. போடியார் கம்பியைப் பார்க்காமலே காலைத் தூக்கிக் கடந்து போனார். அந்தக் கால் தூக்கலைப் பார்த்ததும்தான், பாம்பு என்று அவர் சொன்னது இதைத்தான் என்று எனக்கு விளங்கியது.

மகன் மண்ணில் கிடந்தான். கெண்டைக்காலில் இரத்தம். ஆனால் கண் திறந்திருந்தது. பன்றி நடந்து வரும் வேகத்துக்குக் குறி வைத்த துவக்கு அது. அவன் ஓடியதால் வெடி அவனுக்குப் பின்னால் போய், ஓட்டத்தில் பின்னால் தூக்கியிருந்த காலைக் கிழித்ததோடு நின்றுவிட்டது. நடந்து போயிருந்தால் தொடையில் பாய்ந்திருக்கும். அல்லாஹ் காப்பாற்றினான் என்பதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஓட்டோவில் அவனைப் போட்டுக்கொண்டு பறந்தோம். வழியில் என் புத்தி பொய் தேடிக்கொண்டிருந்தது. கட்டுத்துவக்கு சட்டத்துக்கு மாறானது, பொலிஸ் வரும், மறியலுக்குள் தள்ளுவார்கள். யாரோ கட்டியது என்று சொல்லிவிடலாம் என்று போடியாரின் காதில் சொன்னேன். அவர் மகனின் காலைச் சாரனால் சுற்றிப் பிடித்தபடியே இருந்தார். ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்டதும், நான் வாயைத் திறப்பதற்கு முன் அவர் முந்திக்கொண்டார்.

"நான் கட்டின வெடி டொக்டர். என்ட புள்ளதான்."

வழக்கு நடந்தது. அதையும் அவர் ஒளிக்காமல் ஏற்றுக்கொண்டார். மகனின் கால் ஆறிவிட்டது, தழும்பு மட்டும் இருக்கிறது. எங்கள் முகாம் இன்னும் நடக்கிறது. குருவிகளை அடிப்பதற்கும் சட்டம் இருக்கிறதென்று பிறகு தெரிந்துகொண்டதால், இப்போது தகரப் பேணிக்குத்தான் குறி. அந்தப் புறாவை யாரும் போய் அறுக்கவில்லை.

ஆனால் வார்டில் அன்று மஃரிப் தொழுகைக்குப் பிறகு அந்தப் பிள்ளை கேட்டதுதான் என்னை விட்டுப் போக மறுக்கிறது. கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே விளங்காமல் கேட்டான்.

"வெடி எண்டு சொல்லியிருந்தா நான் போயிருக்க மாட்டனே வாப்பா."

ஊரார் பிள்ளைகளையெல்லாம் அந்தப் பொய் காப்பாற்றியது, சொன்னவரின் பிள்ளையைத் தவிர. இன்று என் மகளிடம் ஓரிடத்துக்குப் போகாதே என்று சொல்ல வேண்டி வந்தால், பேயையும் பாம்பையும் தேடிப்போகாமல், அங்கே என்ன இருக்கிறதோ அதன் பெயரைச் சொல்லித்தான் சொல்கிறேன்.