அட்டையின் கடைசி வரி

ஒரு சீடி. பொலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றி, வயிற்றோடு சேர்த்துத் துணியால் கட்டிக்கொண்டு 2009இல், போரின் கடைசியில், வன்னியிலிருந்து நான் வெளியே வந்தேன். அடையாள அட்டையைத் தொலைத்தேன், மூக்குக் கண்ணாடியைத் தொலைத்தேன், ஒரு காற் செருப்பையும் தொலைத்தேன். சீடி மட்டும் கீறல் விழாமல் வந்தது. இராணுவச் சோதனையில் நின்றவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, படமா என்று கேட்டார். எங்கள் நூலகத்தின் புத்தகப் பட்டியல் என்றேன். புத்தகங்கள் எங்கே என்றார். இல்லை என்றேன். இந்த மனிதனுக்கு விசர் என்று நினைத்திருப்பார், தந்துவிட்டார். முகாமில் சனம் என்னைக் காட்டி, "எல்லாரும் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு வந்தம், இந்த மனிசன் ஒரு நூலகத்தையே கொண்டு வந்திட்டுது" என்று கதைத்தது. நான் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அந்த நூலகம் புதுக்குடியிருப்புக்குச் சற்றுத் தள்ளி, தகரம் போட்ட ஒரு நீளக் கொட்டில். கடையில் வாங்கிய புத்தகம் அதில் மிகக் குறைவு. மிச்சமெல்லாம் வீடுகளில் இருந்து வந்தவை. சனம் இடம்பெயர்ந்தபோது அயலவர் எடுத்து வைத்தது, கூரை போன வீட்டில் பொறுக்கியது என்று உரச்சாக்குகளில் வந்து சேர்ந்தவை. அவற்றுக்குப் பொறுப்பாக இருந்தவளை ஊரில் எல்லோரும் நூலகப் பிள்ளை என்றே சொல்வார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். என்னைவிட எட்டு வயது இளையவள். அதிகம் சிரிக்க மாட்டாள், கோபிக்கவும் மாட்டாள், பிடித்த பிடியை விடவும் மாட்டாள். சாக்கோடு வருபவரைக் கதிரையில் இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, "இது ஆற்ற வீட்டுப் புத்தகம்? அந்த ஆக்கள் இப்ப எங்க?" என்று கேட்பாள். பதில் வரும்வரை சாக்கு அவிழாது. பிறகு பட்டியல் அட்டை எழுதுவாள். தலைப்பு, ஆசிரியர், பதிப்பித்த இடம், ஆண்டு, பக்கம் எல்லாம் எந்த நூலகத்திலும் இருப்பதுதான். அதற்குக் கீழே அவளாக ஏற்படுத்திய ஒரு வரி இருக்கும். "வந்த வீடு: மாங்குளம், புகையிரத நிலையத்துக்குப் பின்னால், மருந்துக் கடைக்காரர். கொண்டு வந்தவர்: பக்கத்து வீட்டுத் தையல்கார அம்மா. ஆக்கள் வந்தால் கொடுக்க வேண்டும்." 2002இல் சமாதான காலம் வந்து வன்னிக்குள் பாதை திறந்தபோது ஆக்கள் உண்மையிலேயே வந்தார்கள். அவள் அட்டையைப் பார்த்து எடுத்துக் கொடுத்தாள்.

அந்த நாட்களில்தான் நான் அங்கே போனேன், அந்த அட்டைகளைக் கணினியில் ஏற்றுவதற்கு. கொழும்பில் ஆறு மாதம் படித்துவிட்டு வந்த கொழுப்பு வேறு. காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை ஜெனரேற்றர் ஓடும். அதற்குள் எவ்வளவு தட்டலாமோ அவ்வளவும் தட்ட வேண்டும். நான் கொண்டுபோன மென்பொருளில் தலைப்புக்கு ஒரு கட்டம், ஆசிரியருக்கு ஒரு கட்டம் என்று எல்லாம் அளவாக இருந்தன. இரண்டாம் நாளே பிள்ளை என் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"அண்ணை, வந்த வீடு எங்க போடுறது?"

"அதுக்கு இதில இடம் இல்லைப் பிள்ளை. உலகத்தில ஒரு நூலகத்திலயும் இப்பிடி ஒண்டு கேக்கிறேல்லை."

"உலகத்தில இருக்கிற நூலகங்களுக்குப் புத்தகம் கடையில இருந்து வந்தது. எங்களுக்கு வீட்டில இருந்தெல்லோ வந்தது."

நான் சிரித்தேன். படிவத்தின் அடியில் குறிப்பு எழுத ஒரு கட்டம் இருந்தது. அதில் தட்டியிருக்கலாம். ஒரு அட்டைக்கு ஒரு நிமிடம் கூடப் பிடிக்கும், அவ்வளவுதான். "முதல் இதுகளை முடிப்பம், அதைப் பிறகு பாப்பம்" என்றேன்.

2005 கடைசியில் ஒருவர் வந்தார். முல்லைத்தீவுக்காரர், தொண்ணூறில் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது குடும்பத்தோடு புத்தளம் போய் அங்கே துணிக்கடை வைத்திருந்தவர். எங்களுக்கு அவர் நானா. அவருடைய தகப்பன், அவர் சொல்வதுபோல வாப்பா, தலைமை ஆசிரியராக இருந்து, புத்தளத்தில் காலமானவர். பிள்ளை அட்டைகளைக் கிளறி, முல்லைத்தீவில் அவர்கள் விட்டுப்போன பள்ளிவாசலடி வீட்டுப் புத்தகங்களை மேசையில் கொண்டுவந்து அடுக்கினாள். நானா ஒன்றையும் விரித்துப் பார்க்கவில்லை. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். "இப்ப கொண்டு போய் எங்க வைக்கிறது தங்கச்சி? ஊரில வீடு கட்டினாப் பிறகு வாறன்" என்றார். "அப்ப பேரையெண்டாலும் எழுதித் தாறன், இருங்கோ நானா" என்று அவள் கொப்பியில் தாள் கிழித்தாள். அங்கேதான் நான் வாயைத் திறந்தேன். "ஏன் பிள்ளை கை நோக எழுதுறீர்? எல்லாம் கொம்பியூட்டரில ஏறுது. அடுத்தமுறை வரேக்க ஒரு தட்டுத் தட்டினா லிஸ்ற் வரும். இனி உலகம் அழிஞ்சாலும் இது துலையாது நானா." அவருக்குச் சந்தோசம். என் தோளில் தட்டிவிட்டுப் போனார். அடுத்த ஆண்டு சண்டை திரும்பத் தொடங்கி, பாதை மூடிவிட்டது.

2009 தொடக்கத்தில் இராணுவம் நெருங்க, நாங்களும் ஊரைவிட்டு எழும்ப வேண்டி வந்தது. கடைசி உழவு இயந்திரம் நூலக வாசலில் நின்றது. அதன் பின்பெட்டி நிறையச் சனம். பிள்ளை புத்தகங்களைத் தொடவில்லை. அட்டை இழுப்பறைகளைக் கயிற்றால் கட்டி வாசலில் வைத்திருந்தாள். "உதுகளை ஏத்தினா ரெண்டு சனம் இறங்கோணும், கெதியாச் சொல்லுங்கோ!" என்று ஓட்டுநர் கத்தினார். அவள் என்னைப் பார்த்தாள்.

"அண்ணை, வந்த வீடெல்லாம் போட்டிட்டியள்தானே?"

"ஓம்."

"எல்லாமோ?"

"ஓம் பிள்ளை, எல்லாம் போட்டிட்டன். ஏறும்."

ஏறினாள். இழுப்பறைகள் வாசலில் இருந்தன. இல்லை என்று சொல்லியிருந்தால், அவள் இறங்கி அட்டைகளை ஏற்றியிருப்பாள், அவளைக் காப்பாற்றத்தான் சொன்னேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். பொய். வெட்கத்தில் சொன்னேன்.

பங்குனி மாதம், கடற்கரைப் பக்கம், பிள்ளை நின்ற தண்ணீர் வரிசையில் செல் விழுந்து வெடித்தது. நான் போய்ப் பார்த்தேன். நாலைந்து பேர் சேர்ந்து அவளைப் புதைத்தோம். அன்றைக்கும் எனக்கு அழுகை வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை. கை கால் விறைத்தால் தட்டித் தட்டிப் பார்ப்போமே, அப்படி இடைக்கிடை என்னை நான் தட்டிப் பார்க்கிறேன். ஒன்றும் இல்லை. அதற்கு முதல் நாள் பின்னேரம் அவள் பக்கத்துத் தரப்பாள் கூடாரத்தில் இருந்த ஒரு ஐயாவிடம், "பயப்பிடாதையுங்கோ, உங்கட வீட்டுப் புத்தகமெல்லாம் அண்ணையின்ர சீடியில இருக்கு" என்று சொன்னதைக் கேட்டேன். அதையும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன்.

இப்போது வவுனியாவில் இணையத்தில் இயங்கும் ஒரு எண்ணிம நூலகத்துக்கு மீதரவு, அதாவது நூல்களைப் பற்றிய விபரம், எழுதுவதுதான் என் வேலை. சில வருடங்களுக்கு முன் எங்களைச் சொற்பொருள் வலை பற்றி ஒரு பயிற்சிக்கு அனுப்பினார்கள். இதுவரை வலையில் பக்கத்தோடு பக்கத்தைத்தான் தொடுத்தோம். இனிப் பொருளோடு பொருளைத் தொடுக்கலாம் என்பது அதன் சாரம். நூலுக்கும் ஆளுக்கும் ஊருக்கும் மாறாத முகவரி ஒவ்வொன்று கொடுத்துவிட வேண்டும். பிறகு எதையும் மூன்று துண்டாகச் சொல்லலாம். இந்த நூல், எழுதியவர், இந்த ஆள். இந்த ஆள், வாழ்ந்த இடம், இந்த ஊர். நடுவில் வரும் உறவுக்கு ஏற்கனவே பெயர் இல்லையென்றால் நாமே வைத்துக்கொள்ளலாம். கட்டம் இல்லை என்ற கதைக்கே அங்கே இடமில்லை. ஒரு நூலகம் சொல்லிவைத்ததை இன்னொரு நூலகத்தின் கணினி விளங்கி, தன்னிடம் இருப்பதோடு சேர்த்துக்கொள்ளும். பயிற்றுநர் திரையில் ஒரு உதாரணம் காட்டினார். எங்கோ ஒரு வீட்டிலிருந்து சிதறிப் பல நூலகங்களுக்குப் போன புத்தகங்கள், "முன்பு இருந்த வீடு" என்ற ஒரே உறவால் மீண்டும் ஒரு இடத்தில் வந்து நின்றன. எல்லோரும் ஆகா என்றார்கள். நான், அந்த விபரத்தை ஒருவரும் எழுதி வைக்காவிட்டால் கணினி தானாகக் கண்டுபிடிக்குமா என்று கேட்டேன். "சொல்லாததை அது எப்படி அறியும்?" என்று சிரித்தார். தேத்தண்ணி இடைவேளையில் இரண்டு பிஸ்கட் சாப்பிட்டேன். அது நன்றாக நினைவிருக்கிறது.

போன வருடம் நானா என்னைத் தேடி அங்கே வந்தார். தாடி முழுக்க வெள்ளை. முல்லைத்தீவில் வீடு கட்டி முடிந்ததாம், அலுமாரியும் செய்தாயிற்றாம். "புத்தகம் போயிட்டுது எண்டு தெரியும் தம்பி. பேர் போதும், தேடி வாங்குவன். நான் வாசிக்கிற ஆளில்லை. வாப்பா அதுக்குள்ள என்னத்தைப் பாத்துக்கொண்டு இருந்தவர் எண்டு ஒருநாளும் கேட்டதில்லை. இப்ப பாக்கோணும் போல கிடக்கு. லிஸ்ற் இருக்கெல்லோ?"

சீடியில் நூலகம் முழுவதும் இருந்தது. தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, பக்கம். எந்தக் கடையிலும் எந்த நூலகத்திலும் கிடைக்கிற அத்தனையும் இருந்தன. அங்கே மட்டும் இருந்த ஒரு வரியை விட்டுவிட்டு மிச்சத்தை வயிற்றில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறேன்.

"வீட்டு விபரம் நான் போடேல்லை நானா."

நானா திரையிலிருந்து என் பக்கம் திரும்பினார். "தங்கச்சிக்குத் தெரியுமோ?"

"இல்லை. போட்டிட்டன் எண்டுதான் சொன்னனான்."

"ம்" என்றார். அது ஏச்சா, இரக்கமா என்று எனக்கு விளங்கவில்லை. பிறகு, "முழுதையும் எடுத்துத் தாங்கோ, வாசிச்சுப் பாப்பம்" என்றார்.

மூன்று நாள் என் மேசைக்கு எதிரே இருந்து, நான் அச்சடித்துக் கொடுத்த கடதாசிக் கட்டைப் பென்சிலோடு வரி வரியாகப் பார்த்தார். கோழி வளர்ப்புப் புத்தகம் ஒன்றில் நின்றார். "இதைப் பாத்துத்தான் உம்மா ஏசினவ, வீட்டில ஒரு கோழி இல்லை" என்று அடையாளம் போட்டார். நட்சத்திரங்களைப் பற்றிய ஒன்றுக்குப் போட்டார். அவர் போடப் போட, "வந்த வீடு" என்று ஒரு உறவை உண்டாக்கி, அந்த நூலையும் பள்ளிவாசலடி வீட்டையும் நான் இணைத்துக்கொண்டே வந்தேன். மூன்றாம் நாள் பின்னேரம் ஏழு நூல் ஆகியிருந்தது. எட்டாவதாக ஒரு வைத்திய நூலுக்கு அடையாளம் போட்டவர், பென்சிலை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன நானா?"

"இது எங்கட அலுமாரியிலயும் இருந்த மாதிரிக் கிடக்கு. எல்லா வீட்டிலயும் இருந்த புத்தகமும்தான். இது வேற வீட்டில இருந்து வந்ததாயும் இருக்கலாம்."

இந்த எட்டாவதும் அவருக்குக் கிடைக்கட்டும் என்றிருந்தது எனக்கு. "விடுங்கோ நானா, போடுவம். அட்டையும் இல்லை, அவளும் இல்லை, இனி ஆர் வந்து கேக்கப்போகினம்?"

"அந்த வீட்டு ஆள் வந்தா?" என்றார் நானா. பென்சிலைத் திருப்பிப் பிடித்து, தாள் கிழியாமல் மெதுவாக அந்த அடையாளத்தை அழித்தார்.