மூன்றாவது நிரை

ரமேஸ் சேரும் நானும் எட்டு வருஷமாக ஒரே பாடசாலையில் படிப்பிக்கிறோம். அவர் கணினி, நான் கணிதம். அவரைப் பற்றி எழுத ஒன்றுமே இல்லை என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். ஏனென்றால் பேச்சு முழுவதையும் அவருடைய மனைவி தயானி டீச்சரே பேசிவிடுவார். அவர் தமிழ்ப் பாடம். நாங்கள் மூவரும் பாடசாலைக்குப் போகும் பஸ் லுணுகலையிலிருந்து கிளம்பி, தேயிலைக்குள் முக்கால் மணி நேரம் வளைந்து வளைந்து ஏறும். அந்த முக்கால் மணி நேரமும் தயானி பேசுவார், ரமேஸ் தலையாட்டுவார். சோடி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கும். எனக்கு வாய்த்தவர் தலையாட்டவும் மாட்டார்.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. கல்யாணம் கட்டி ஒன்பது வருஷம். பதுளைக்கு எத்தனையோ தடவை டொக்டரிடம் போய் வந்தார்கள். புதிதாக வரும் ஆசிரியர்கள் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே தயானி சொல்லிவிடுவார்: “எங்களுக்குப் பிள்ள இல்லைங்க. அத விட்டுட்டு வேற எதயாச்சும் கேளுங்க.” சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் சொன்ன பிறகு கொஞ்ச நேரம் அவர் பேசமாட்டார். அந்த நேரத்தில் மட்டும் ரமேஸ் ஏதாவது பேசுவார்.

போன வருஷம் ஒரு வியாழக்கிழமை, காலைக் கூட்டத்தில் நின்றபடியே தயானி தலை வலிக்கிறது என்றார். விழுந்தார். மூளையில் இரத்தக் கசிவு. பதுளை ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்தார். ஞாயிற்றுக்கிழமை முடிந்துவிட்டது.

பதினாறாம் நாள் சாப்பாட்டுக்கு வந்தவர்களுக்குக் கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் கொடுத்தார்கள். தோட்டப் பக்கம் இது இல்லாமல் கருமாதி இல்லை. செத்தவரின் படம், பெயர், திகதி, கீழே நாலு வரிக் கவிதை. முகம் இருக்கும் கடதாசி என்பதால் யாரும் அதைக் கசக்கி எறியமாட்டார்கள். கதவுக்குப் பின்னால் ஒட்டுவார்கள், சாமிப் படத்துச் சட்டத்தில் செருகி வைப்பார்கள். லுணுகலையில் போன், போட்டோ கொப்பி, அச்சு எல்லாம் நடக்கும் முன்ஸிப் நானாவின் கொமினிகேஷன் கடைதான் எல்லோருக்கும் அடித்துக்கொடுப்பது. ரமேஸ் அவரிடம் படத்தை நீட்டி, “எல்லாருக்கும் போடுறத போடுங்க,” என்று மட்டும் சொல்லியிருக்கிறார். நானாவும் எல்லாருக்கும் போடுவதையே போட்டுவிட்டார்.

நான் அதை பஸ்ஸில் வைத்து வாசித்தேன். தாய்க்கு எழுதிய கவிதை. பிள்ளை இல்லாத தயானிக்கு, பிள்ளைகள் அழுகிற கவிதை. முந்நூறு பேர் கையில் அது போயிருக்கும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. ரமேஸ் அதை வாசிக்கவே இல்லை என்பது மட்டும் அவர் முகத்தில் தெரிந்தது.

இருபதாம் நாள் பாடசாலைக்கு வந்துவிட்டார். சட்டை மடிப்புக் கலையவில்லை. வரவுப் புத்தகத்தில் ஒழுங்காகக் கையெழுத்து. பஸ்ஸில் தயானி உட்காரும் இடத்தில் பையை வைத்து, பக்கத்தில் உட்கார்ந்தார். அழுதாரா என்றால், இல்லை. செத்த வீட்டிலும் இல்லை, சுடலையிலும் இல்லை. ஒருநாள் நான் கேட்காமலே, அவராகத்தான் சொன்னார்:

“பல்லுக்கு ஊசி போட்ட மாதிரி இருக்கு டீச்சர். கன்னம் இருக்குன்னு தெரியுது. ஆனா என்னோடதா இல்ல.”

நான் “ஓம்” என்றேன்.

தமிழுக்குப் புது டீச்சர் வருவார் என்றார்கள். தவணை இரண்டு போனதுதான் மிச்சம். அதிபர் ஒருநாள் ரமேஸைக் கூப்பிட்டு, “பத்தாம் தரத்துக்கு கம்ப்யூட்டர் பாடத்தோட கவிதையையும் சேத்து நடத்திருங்க சேர்,” என்றார். மனைவியின் பாடத்தைப் புருஷன் தலையில் கட்டுகிறோமே என்ற கூச்சம் கொஞ்சமும் இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ரமேஸ் தலையாட்டிவிட்டு வந்தார். வழக்கமாகத் தலையாட்டும் மனிதர்தானே.

கவிதை அவருக்குத் தெரியாது. அட்டவணை போடத் தெரியும். அதனால் கவிதையை அட்டவணைக்குள் இறக்கினார். ஒரு வரிக்கு ஒரு நிரை, ஒரு சொல்லுக்கு ஒரு கட்டம். நாலு வரிப் பாட்டென்றால் நாலு நிரை, நாலு நிரல். முதல் நிரலில் வரும் சொற்களின் இரண்டாம் எழுத்தை மட்டும் மேலிருந்து கீழே பார்க்கச் சொன்னார். ஒத்து வந்தால் எதுகை, கட்டத்துக்கு மஞ்சள் அடி. கடைசி நிரலில் முடிவு ஒத்தால் இயைபு, பச்சை அடி. ஒரு சொல் கட்டத்துக்குள் இரண்டு வரியாக உடைந்தால் நிரலை இழுத்து அகலமாக்கு. பிள்ளைகள் பாட்டும் படித்தார்கள், மவுஸும் பிடித்தார்கள். சொன்னால் என்ன, நன்றாகத்தான் நடத்தினார். அதிபர் மேல் எனக்கிருந்த கோபம் பாதி வீணாய்ப் போனது.

தயானியின் ஆண்டுத் திதி நெருங்கியது. அந்த ஞாயிற்றுக்கிழமை திதி. செவ்வாய்க்கிழமை நான் பரீட்சைப் புள்ளி ஏற்றுவதற்காகக் கணினி அறையில் இருந்தபோது அவர் முன்ஸிப் நானாவுக்குப் போன் பேசினார்.

“போன தடவ போட்டதையே போடுங்க நானா. திகதிய மட்டும் மாத்துங்க. ஆமாங்க, புதன்கிழமை பின்னேரம் அடிச்சிருங்க.”

மறுபடியும் முந்நூறு கடதாசி. மறுபடியும் அந்தக் கவிதை. இப்போதாவது சொல்லிவிடு என்று மனம் இடித்தது. சொல்லவில்லை. புள்ளிகளை ஏற்றினேன்.

அன்றே அவர் பிள்ளைகளிடம், “வீட்டுல இருக்கிற பாட்டு ஒன்னு, நாலு வரி, நாளைக்குக் கொண்டாங்க. புத்தகத்துல உள்ளது வேணாம்,” என்றார். தோட்டத் தொழிலாளரின் லயத்து வீட்டில் அச்சடித்த கவிதை வேறு எங்கே இருக்கும்? அவர் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

புதன்கிழமையும் நான் மிச்சப் புள்ளிகளோடு கணினி அறையில்தான் இருந்தேன். பதினான்கு பேரில் ஒன்பது பேர் கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் கொண்டுவந்தார்கள். தாத்தாவுடையது, மாமாவுடையது, குளவி கொட்டிச் செத்த பக்கத்து வீட்டுக்காரருடையது. சாமிப் படத்துக்குப் பின்னாலிருந்து உருவிய தூசி இன்னும் போகவில்லை. மதுஷா என்ற பிள்ளை மட்டும் தன் நோட்டீஸை, படம் உள்ளே போகும்படி மடித்து, கவிதை மாத்திரம் வெளியே தெரிய வைத்துக்கொண்டு அட்டவணையில் அடித்தாள். என்ன மடிக்கிறாள் என்று எட்டிப் பார்த்த எனக்கு முதல் வரியிலேயே விளங்கிவிட்டது.

ரமேஸ் அவள் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றார்.

“பத்து, முத்து, நித்தம், கத்தி. நாலு நிரைக்கும் எதுகை வருது. இங்க வாங்க எல்லாரும், இதப் பாருங்க.” பிள்ளைகள் கூடினார்கள். அவரே குனிந்து, நாலு கட்டத்துக்கும் மஞ்சள் அடித்தார். “இது யாருக்கு எழுதினது மதுஷா?”

மற்றப் பிள்ளைகளுக்கும் தெரியும் போல. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் அவள் மடிப்பை விரித்தாள். தயானி சிரித்துக்கொண்டிருந்தார்.

ரமேஸ் அப்போதுதான் வாசித்தார். ஒரு வருஷத்தில் முதல் தடவை. திரையில் கட்டம் கட்டமாக இருந்தது:

பத்து மாதம் சுமந்த தாயே
முத்து முத்தாய் வளர்த்த நீயே
நித்தம் நீ இல்லாத வீட்டில்
கத்தி அழுகிறோம் பிள்ளைகள் நாமே

“டீச்சர்,” என்றார் என் பக்கம் திரும்பாமலே. “நீங்க இத வாசிச்சீங்களா?”

“ஓம், சேர்.”

“அன்னைக்கேவா?”

“அண்டைக்கே வாசிச்சனான்.”

“ஏன் சொல்லல?”

உங்களுக்கு நோகும் என்று நினைத்தேன் என்று சொல்லலாம். அது பொய். எனக்கு நோகும் என்றுதான் சொல்லவில்லை.

மதுஷாவை எழுப்பாமல், பக்கத்துக் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து மவுஸை வாங்கினார். முதல் நிரையைத் தெரிவு செய்தார்.

“பத்து மாசம் சுமக்கல,” என்றார். பாடம் நடத்தும் அதே குரல். அழித்தார். நாலு கட்டமும் வெறுமையாயின. “யாரயும் முத்து முத்தா வளக்கல. வளக்கணும்னு ஆசப்பட்டா.” இரண்டாவது நிரை போனது. மூன்றாவதைத் தாண்டி நான்காவதுக்குப் போனார். “பிள்ளைக இல்ல. கத்தி அழுகவும் இல்ல. நான் அழுகவே இல்ல.” அதுவும் போனது.

மூன்றாவது நிரையில் மவுஸ் நின்றது. நெடுநேரம் நின்றது.

“இது சரி,” என்றார்.

மதுஷா மெதுவாக, “சேர், இப்ப எதுகைக்குச் சோடி இல்லீங்களே,” என்றாள். கெட்டிக்காரப் பிள்ளை, ஆனால் அந்த நேரத்தில் அவள் வாயைப் பொத்த வேண்டும் போல் எனக்கு இருந்தது.

“இல்லம்மா,” என்றார் அவர். “சோடி இல்ல.”

மணி அடித்தது. அங்கிருந்தே முன்ஸிப் நானாவுக்குப் போன் எடுத்தார். இன்னும் அடிக்கவில்லை என்று தெரிந்ததும், ஒரு வரியைச் சொல்லி, மேலே இரண்டு வரிக்கும் கீழே ஒரு வரிக்கும் இடம் விட்டுப் போடச் சொன்னார். அறை அமைதியாக இருந்ததால் நானாவின் குரல் எனக்கும் கேட்டது.

“மிச்சத்தையும் செல்லுங்க சேர். வசனம் முடியல்லியே?”

“முடியல நானா. அப்படியே போடுங்க.”

ஞாயிற்றுக்கிழமை நான் காலை பஸ்ஸிலேயே அவர் வீட்டுக்குப் போய்விட்டேன். சாப்பாட்டுப் பந்தியில் நோட்டீஸ் கைமாறியது. தயானியின் படம். பெயர். திகதி. கீழே, நடுவில், ‘நித்தம் நீ இல்லாத வீட்டில்’ என்று ஒரே வரி. வாங்கிய ஒவ்வொருவரும் வாசித்தார்கள், பிறகு கடதாசியைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார்கள். தெரிந்திருந்தும் நானும் திருப்பிப் பார்த்தேன்.

ரமேஸ் சாம்பார் வாளியுடன் என் இலைக்கு முன்னால் வந்தார். ஊற்றவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு, ஒரு கையால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

“வலிக்குது டீச்சர்,” என்றார்.