தெய்வாத்தாள் சுற்றிய பந்தல் கொடி

மதுக்கரை மலையடிவாரத்தில் எந்தக் கொடியைக் காட்டினாலும் தெய்வாத்தாள் பெயர் சொல்லிவிடுவாள். தப்பாகச் சொன்னாலும் திருத்திக்கொள்ள மாட்டாள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம்.

1936 தை மாதம், மகள் பாப்பாயியைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும், விடியற்காலைப் பனியிலேயே காட்டுக்குப் போய் ஒரு கொடியை அறுத்து வந்து வாசல் பந்தலில் சுற்றிவிட்டாள். கொத்துக் கொத்தாகக் காய். மேலெல்லாம் பொன்னிறச் சுணை, நனைந்து படிந்து கிடந்தது.

"பூனைக்காலியாட்டம் இருக்குது அம்மணி, மேல பட்டா அரிச்செடுத்துரும்," என்றார் கணவர் வெள்ளியங்கிரி.

"மூணு மூணா எலை இருக்குதுங்களே, தெரியலீங்களா? காட்டவரைங்க."

வந்தவர்களிடமும் அதையே பெருமையாகச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். வெயில் ஏறியது. சுணை காய்ந்து காற்றில் உதிரத் தொடங்கியது.

மாப்பிள்ளை வீட்டார் மரியாதைக்காரர்கள். அரிக்கிறது என்று ஒருவராவது வாயைத் திறக்க வேண்டுமே! மாப்பிள்ளையின் அப்பா பந்தல்காலில் முதுகைத் தேய்த்தபடியே மழையைப் பற்றிப் பேசினார். அம்மா நாச்சியம்மாள் மட்டும் கழுத்தைப் பிறாண்டிக்கொண்டே அவரிடம் கிசுகிசுத்தாள்: "இந்த ஊட்டுல சொறி இருக்கும்போலங்க. சம்பந்தம் வேண்டாமுங்க."

காப்பித் தட்டோடு வந்த தெய்வாத்தாள் காதில் அது விழுந்தது. தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்தாள்.

"நாந் தப்பாச் சொல்லிப்போட்டனுங்க! இது பூனைக்காலிங்க!"

"அதெப்படிங்க? நீங்க காட்டவரைன்னா காட்டவரைதானுங்க," என்றாள் நாச்சியம்மாள்.

"இல்லீங்க, பூனைக்காலிங்க!"

"உங்களுக்குத் தெரியாததுங்களா? நாங்க கெளம்பறமுங்க."

இந்தப் பாழாய்ப்போன மரியாதை மகள் வாழ்க்கையைக் கெடுக்கிறதே என்று தெய்வாத்தாளுக்கு அழுகையே வந்துவிட்டது.

மாப்பிள்ளை அதுவரை வெளியே வண்டி மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். கதவோரம் நின்ற பாப்பாயியை அங்கிருந்தே பார்த்துவிட்டான், பிடித்தும் போயிருந்தது. சட்டைக் கையை மடித்துவிட்டு நீட்டினான்.

"நான் பந்தலுக்குள்ளயே வரலீங்க. எங்கையில தேய்ச்சுப் பாருங்க அத்தை."

ஒரு காயைப் பறித்துத் தேய்த்தாள். அவன் குதித்த குதியில் மாடு மிரண்டது.

"அய்யோ, பூனைக்காலியேதானுங்க!"

அதற்கப்புறம் மரியாதை யாருக்கு வேண்டும்? ஆளாளுக்குச் சொறிந்துகொண்டு ஓடினார்கள். வெள்ளியங்கிரி அரிப்புக்குச் சாணியைக் கரைத்து வைக்க, எல்லாரும் அள்ளிப் பூசிக்கொண்டார்கள். சாணிக் கையோடு நாச்சியம்மாள் வெற்றிலைத் தட்டை வாங்கிக்கொண்டாள்.

"எங்கூட்டுக்கு வாரப்ப மட்டும் கொடி கிடின்னு ஒண்ணும் கொண்டாந்துறாதீங்க, சம்பந்தி."